பில்ட் சூழலின் இயல்புநிலை பைத்தான் 3.10 இலிருந்து 3.12 ஆகிவிட்டது: பதிப்பைக் கட்டி நிறுத்துவதா, கூடவே உயர்வதா?

இழைநெய்பவர் | 2025 ஜனவரி 20

வணக்கம். எங்கள் குழு பராமரிக்கும் 14 பைத்தான் களஞ்சியங்களும் (நிரலைச் சேமிக்கும் இடங்கள்) கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்ற தானியங்கிச் சேவையில்தான் பில்ட் ஆகின்றன, அதாவது நிறுவிச் சோதிக்கப்படுகின்றன. 2023 தொடக்கத்தில் நான் ஒரு பொது வொர்க்ஃப்ளோவை (பில்ட்டின் படிகளைச் சொல்லும் கோப்பு) எழுதிவைத்தேன். ஒவ்வொரு களஞ்சியமும் அதை அழைத்துக்கொள்கிறது. அதில் இயங்குதளத்திற்கு 'உபுண்டு-லேட்டஸ்ட்' என்று எழுதினேன். பைத்தானின் பதிப்பை எங்கும் எழுதவில்லை. பில்ட்டை ஓட்டும் கணினியான ரன்னரில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானே போதும் என்று அன்று எண்ணினேன்.

டிசம்பர் நடுவில் ஒரு களஞ்சியத்தின் பில்ட் தோற்றது. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டியபோது அதே கமிட் (நிரலின் அதே நிலை) தேறிவிட்டது. வலையமைப்புக் கோளாறு என்று விட்டுவிட்டோம். பிறகு இதே போல் வாரத்திற்கு நான்கைந்து முறை நடந்தது. போன வெள்ளிக்கிழமை முதல் 14 களஞ்சியங்களும் ஒரே படியில் நிரந்தரமாக நின்றுவிட்டன. தேடியபோதுதான் 'லேட்டஸ்ட்' என்ற பெயர் உபுண்டு 22.04 இலிருந்து 24.04 க்கு 2024 டிசம்பர் 5 தொடங்கி 2025 ஜனவரி 17 வரை படிப்படியாக மாற்றப்பட்டதை அறிந்தேன். அந்த ஆறு வாரங்களில் ஒரு ஓட்டம் பழைய இமேஜிலும் (ரன்னரின் இயங்குதளப் படிவம்) அடுத்த ஓட்டம் புதிய இமேஜிலும் விழுந்திருக்கிறது. கிட்ஹப் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்தது. அதைப் படிக்காதது எங்கள் பிழை.

22.04 இல் இயல்புநிலை பைத்தான் 3.10, 24.04 இல் 3.12. முதலில் வந்த பிழை, இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி, நிரலகங்களை நிறுவும் கருவியான பிப் நிறுவ மறுத்தது. பொது வொர்க்ஃப்ளோவில், இயங்குதளத்தின் பைத்தானிலிருந்து பிரிந்த ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கும் படியைச் சேர்த்தேன். ஐந்து களஞ்சியங்கள் அத்துடன் தேறின. மீதி ஒன்பதில் மூன்று வகைப் பிழைகள்: சிலவற்றில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற மாட்யூல் இல்லை, சிலவற்றில் நம்பை என்ற எண்கணித நிரலகத்தின் 1.24 ஐ நிறுவும்போது 'பிகேஜியூட்டில்' மாட்யூலில் 'இம்ப்இம்போர்ட்டர்' என்ற பண்பு இல்லை. இரண்டில் சோதனைகள் 'அசர்ட்ஈக்வல்ஸ்' என்ற செயற்கூறு இல்லை என்று விழுகின்றன.

குழுவில் மூன்று கருத்துகள் இருக்கின்றன. ஒருவர், இயங்குதளத்தை 22.04 என்று எழுதிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்கிறார். இன்னொருவர், பிப்பின் மறுப்பை மீறும் கொடி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கோ எல்லாவற்றையும் 3.12 க்கு உயர்த்திவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் பொது வொர்க்ஃப்ளோ என் கையில் இருப்பதால், அதில் நான் ஒரு வரியை மாற்றினால் 14 களஞ்சியங்களையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறேன். எங்களுக்கு நேர்ந்ததையே நான் மற்றவர்களுக்குச் செய்துவிடக் கூடாது என்ற அச்சம் இருக்கிறது. இயல்புநிலைப் பதிப்பை உயர்த்துவதை நீங்கள் எந்த ஒழுங்கில் செய்கிறீர்கள்?

மணற்கடிகை | 2025 ஜனவரி 20

மூன்று வகைப் பிழைகளையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். அவற்றுக்கு முன்னால் வந்த பிப்பின் மறுப்பிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் வேர் அங்கேதான் இருக்கிறது.

உபுண்டுவுடன் வரும் பைத்தான் இயங்குதளத்தின் உடைமை. அதன் சொந்தக் கருவிகள் பல அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அதற்குள் நாம் பிப் வழியாக ஒரு நிரலகத்தைத் திணித்தால், இயங்குதளம் எதிர்பார்க்கும் பதிப்பின் மேல் நம்முடையது ஏறி உட்கார்ந்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் பெப் 668 (பெப் என்பது பைத்தானின் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணம்) எழுதப்பட்டது. டெபியன் 12 உம் உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளும் அதைக் கடைப்பிடிக்கின்றன. மீறும் கொடியின் பெயரிலேயே 'இயங்குதளப் பொதிகளை உடை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரன்னர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்து அழிவதால் அங்கே உடைந்தாலும் பெரிய சேதமில்லை என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அந்த வரியை யாராவது ஒரு நாள் சர்வரின் நிறுவல் கோப்புக்குள் நகலெடுத்து ஒட்டுவார்கள். நான் இரண்டு இடங்களில் அதைக் கண்டிருக்கிறேன். ஆகவே அந்த யோசனையை முற்றாக விட்டுவிடுங்கள்.

இயங்குதளத்தை 22.04 என்று எழுதுவது வேறு வகை. அது இன்றைய நெருப்பை அணைக்கும், அதில் தவறில்லை. ஆயினும் மொழியின் பதிப்பு இயங்குதளத்தின் வாலில் கட்டப்பட்டே இருக்கும். நாளை ஒரு பாதுகாப்புக் காரணத்திற்காக இயங்குதளத்தை மாற்ற நேர்ந்தால், வேண்டாத நேரத்தில் மொழியும் சேர்ந்து மாறும். இரண்டு முடிச்சுகளையும் தனித்தனியாக அவிழ்த்துக்கொள்ளுங்கள். 'செட்டப்-பைத்தான்' என்ற ஆக்ஷன் இதற்காகவே இருக்கிறது. பதிப்பைச் சொன்னால் அந்தப் பைத்தானைக் கொண்டுவந்து பாதையில் முதலில் வைத்துவிடும். பதிப்பைச் சொல்லாமல் வெறுமனே அழைத்தால் பாதையில் ஏற்கெனவே கிடக்கும் பைத்தானையே எடுத்துக்கொள்ளும். அப்போது அழைத்தும் பயனில்லை.

பதிப்பை வொர்க்ஃப்ளோவின் யாம்ல் கோப்பில் எழுதும்போது மேற்கோள் குறிகளுக்குள் எழுதுங்கள். மேற்கோள் இல்லாமல் 3.10 என்று எழுதினால் யாம்ல் அதைத் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும். 2021 அக்டோபரில் 3.10 வெளிவந்தபோது எத்தனையோ பேரின் பில்ட் 3.1 என்ற பதிப்பைத் தேடி அலைந்தது இதனால்தான். இதைவிட நல்ல வழி, களஞ்சியத்தின் வேரில் 'புள்ளி பைத்தான்-வெர்ஷன்' என்ற ஒற்றை வரிக் கோப்பை வைத்து, செட்டப்-பைத்தானுக்கு அந்தக் கோப்பைக் காட்டிவிடுவது. அது வெறும் உரைக்கோப்பு என்பதால் தசமக் குழப்பம் எழாது. பைஎன்வ், யுவி ஆகிய கருவிகளும் அதையே படிப்பதால் உங்கள் மடிக்கணினியும் ரன்னரும் ஒரே பதிப்பில் நிற்கும்.

என் அறிவுரை இதுதான்: முதல் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கை) எதையும் உயர்த்தாதீர்கள். நேற்று வரை எந்தப் பதிப்பில் ஓடியதோ அந்த 3.10 ஐ எழுதிவையுங்கள்; 14 உம் பச்சையாகட்டும். உயர்த்தும் வேலை இரண்டாவது புல் ரிக்வெஸ்டில் தொடங்கட்டும். இரண்டையும் ஒரே மாற்றத்தில் கலந்தால், தோற்கும்போது எது தோற்றது என்று சொல்ல முடியாது.

வைகைத்தடம் | 2025 ஜனவரி 21

மணற்கடிகை சொன்ன முதல் படி சரி. ஆனால் பெரும்பாலான குழுக்கள் அந்த முதல் படியிலேயே குடியேறிவிடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் பில்ட் சூழல் 3.6 இல் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கட்டியவர் கவனமானவர், அன்று அது சரியான முடிவு. அதன் பிறகு யாரும் அந்த வரியைத் தொடவில்லை. பில்ட் எப்போதும் பச்சையாகவே இருந்ததால் தொட வேண்டிய தேவையும் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து நாங்கள் பயன்படுத்திய ஒரு நிரலகத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. திருத்தப்பட்ட வெளியீடு 3.8 க்குக் கீழே நிறுவ மறுத்தது. அந்த ஒரு திருத்தத்திற்காக மொழியையும், வலைச் சட்டகத்தையும், சோதனைக் கருவியையும், டாக்கர் இமேஜையும் ஒரே மூச்சில் உயர்த்த வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு ஒரு படியாக ஏறியிருந்தால் கால் வலிக்காமல் ஏறியிருக்கலாம். ஐந்து படிகளையும் ஒரே தாவலில் தாண்ட முயன்று இரண்டு மாதங்களை இழந்தோம்.

பைத்தானின் கால அட்டவணை ஒளிவுமறைவு இல்லாதது. பெப் 602 க்குப் பிறகு ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 3.8 இன் ஆதரவு 2024 அக்டோபரில் முடிந்தது. 3.9 க்கு இந்த அக்டோபர். நீங்கள் நிற்கும் 3.10 க்கு 2026 அக்டோபர். இப்போதே அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வருகின்றன. பதிப்பைக் கட்டும்போதே அவிழ்க்கும் தேதியையும் பக்கத்தில் குறிப்பாக எழுதிவையுங்கள்.

உங்களை வீழ்த்திய ஒவ்வொன்றும் முன்னறிவிப்புடன்தான் போயிற்று. டிஸ்ட்யூட்டில்ஸ் கைவிடப்படும் என்று 2021 இல் 3.10 வெளிவந்தபோதே பெப் 632 வழியாகச் சொன்னார்கள். 2023 அக்டோபரில் 3.12 இல் நீக்கினார்கள். அதே பதிப்பில் நீக்கப்பட்ட 'இம்ப்' மாட்யூலுக்கு 2014 இலிருந்தே எச்சரிக்கை இருந்தது. ஒன்பது ஆண்டுகள்! அசர்ட்ஈக்வல்ஸ் என்ற பழைய பெயரும் பல பதிப்புகளாக எச்சரித்துக்கொண்டே இருந்ததுதான். ஆனால் இந்தக் கைவிடுதல் எச்சரிக்கைகளைப் பைத்தான் பெரும்பாலும் காட்டாமல் மறைத்துவிடுகிறது. பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி காட்டினாலும் ஓட்டத்தின் கடைசியில் மஞ்சள் நிறத்தில் காட்டும், பில்ட் பச்சையாக இருக்கும்போது யாரும் அதுவரை உருட்டிப் படிப்பதில்லை. ஆகவே பைடெஸ்டின் அமைப்புக் கோப்பில், உங்கள் சொந்த நிரலிலிருந்து எழும் கைவிடுதல் எச்சரிக்கைகளைப் பிழைகளாக மாற்றிவிடுங்கள். பிறர் எழுதிய நிரலகங்களின் எச்சரிக்கைகளையும் பிழையாக்கினால் உங்கள் கையில் இல்லாத காரணத்திற்காகப் பில்ட் விழும். அவற்றைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அடுத்த பதிப்பை இன்றே ஓட்டிப் பாருங்கள். மேட்ரிக்ஸில் (ஒரே பில்ட்டைப் பல பதிப்புகளில் ஓட்டும் பட்டியல்) கட்டிய பதிப்பு ஒன்று, அடுத்தது ஒன்று. அடுத்தது தோற்றாலும் பில்ட்டை நிறுத்தாதபடி 'கன்டினியூ-ஆன்-எரர்' கொடுங்கள். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஓட்ட வேண்டியதில்லை; வாரம் ஒரு முறை கால அட்டவணைப்படி ஓடினால் போதும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்க்கும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத சிவப்பு, ஒரு மாதத்தில் எல்லார் கண்ணுக்கும் பழகிவிடும்.

எந்தப் பதிப்புக்குப் போவது என்று கேட்டால், இப்போது 3.12 என்பேன். 3.13 வெளிவந்து மூன்று மாதங்கள்தான் ஆகின்றன. சி நிரல் கலந்த நிரலகங்கள் எல்லாம் அதற்கான வீல்களை (முன்கூட்டியே கட்டிய பொதிகள்) வெளியிட்டு முடிக்கட்டும். மேலும் 3.13 இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் முதலிய 19 பழைய மாட்யூல்களைப் பெப் 594 இன்படி எடுத்துவிட்டார்கள். அவற்றில் எதை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்று இன்றே தேடிப் பாருங்கள், அடுத்த ஆண்டு வேலை குறையும்.

இந்தக் கதை புதிதும் இல்லை. டிராவிஸ் சிஐ என்ற பில்ட் சேவை 2019 இல் தன் இயல்புநிலையை 2.7 இலிருந்து 3.6 க்கு மாற்றியது. பதிப்பை ஒரு வரியில் எழுதியிருந்தவர்களுக்கு அந்த நாள் மற்றொரு நாள். எழுதாதவர்களுக்கு அச்சிடும் கட்டளையின் அடைப்புக்குறியிலிருந்தே தொல்லை தொடங்கியது.

பனங்காட்டுவழி | 2025 ஜனவரி 21

இழைநெய்பவரிடம் ஒரு கேள்வி. உங்கள் 14 களஞ்சியங்களில் எத்தனை செயலிகள், எத்தனை பிறர் நிறுவிப் பயன்படுத்தும் நிரலகங்கள்? மேலே இருவரும் செயலிகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். நிரலகத்திற்கு அந்த அறிவுரை பொருந்தாது.

செயலி ஓடும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. சர்வரில் எந்தப் பதிப்போ அதே பதிப்பில் சோதித்தால் போதும். நிரலகம் அப்படியில்லை. அதை நிறுவுபவர் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு 'இயல்புநிலைப் பதிப்பு' என்ற ஒன்றே இருக்கக் கூடாது. நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் மிகக் கீழான பதிப்பிலும் மிக மேலான பதிப்பிலும் இரண்டிலுமே தேற வேண்டும். இடையில் உள்ளவற்றை வெளியீட்டுக்கு முன்பு ஒரு முறை ஓட்டினால் பெரும்பாலும் போதும்.

இதோடு சேர்ந்த ஒரு கண்ணி இருக்கிறது. எந்தப் பைத்தான் பதிப்புகளில் நிறுவலாம் என்று சொல்லும் நிரலகத்தின் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' வரியில் கீழ் எல்லையை மட்டும் எழுதுங்கள். அஞ்சிக்கொண்டு '3.13 க்குக் கீழே' என்று மேல் எல்லையும் போட்டால் என்ன நடக்கிறது? 3.13 இல் இருக்கும் ஒருவர் உங்கள் நிரலகத்தை நிறுவும்போது பிப் அந்த வெளியீட்டை ஒதுக்கிவிட்டு, மேல் எல்லை எழுதப்படாத ஏதோ ஒரு பழைய வெளியீட்டைத் தேடிப் போய் நிறுவிவிடும். அவர் தெளிவான ஒரு பிழைச்செய்தியைப் பெறுவதற்குப் பதிலாக, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் நிரலை அறியாமலே ஓட்டிக்கொண்டிருப்பார். காக்க நினைத்த வேலியே வழியைத் திருப்பிவிடும். நான் பராமரிக்கும் ஒரு சிறிய நிரலகத்தில் இதைச் செய்துவிட்டு, எப்போதோ திருத்திய பிழைகளைப் பற்றி மறுபடி மறுபடி கடிதங்கள் வந்தபோதுதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

ஊற்றுக்கண் | 2025 ஜனவரி 22

மூன்று பிழைகளுக்கும் நேரடி விடை இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்ட்யூட்டில்ஸ்: 3.12 இலிருந்து மெய்நிகர் சூழலில் பொதி கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. அதை நிறுவினால் அது தன்னோடு வைத்திருக்கும் டிஸ்ட்யூட்டில்ஸ் நகலைக் கொடுக்கும், பிழை மறையும். ஆனால் அது ஊன்றுகோல்தான். உங்கள் நிரலில் அந்த மாட்யூலை எதற்காக இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் 'ஸ்ட்ரடூபூல்' என்ற ஒரே செயற்கூறுக்காகத்தான் இருக்கும். 'எஸ்', 'ட்ரூ', '1' போன்ற சொற்களை மெய்யாகவும் 'நோ', 'ஃபால்ஸ்', '0' போன்றவற்றைப் பொய்யாகவும் மாற்றி, வேறு எது வந்தாலும் பிழை எழுப்பும் பத்து வரி அது. சொந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பு எண்களை ஒப்பிட 'லூஸ்வெர்ஷன்' பயன்படுத்தியிருந்தால் 'பேக்கேஜிங்' நிரலகத்திற்கு மாறுங்கள். முறையற்ற பதிப்பு எண்களை அது ஏற்காது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

நம்பை: 1.24 க்கு 3.12 இல் வீல் கிடையாது. ஆகவே பிப் மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்குகிறது. அதற்காக ஒரு பழைய செட்டப்டூல்ஸைக் கொண்டுவருகிறது. அந்தச் செட்டப்டூல்ஸ் 3.12 இல் நீக்கப்பட்ட இம்ப்இம்போர்ட்டரைத் தேடுகிறது. பிழைச்செய்தியில் நம்பையின் பெயரே வராததால் பலர் இதில் ஒரு நாளை இழக்கிறார்கள். 1.26 தான் 3.12 ஐ ஆதரிக்கும் முதல் பதிப்பு. அங்கே நில்லுங்கள். 2024 இல் வந்த நம்பை 2 க்கு இதே கையோடு தாவ வேண்டாம். மொழி மாறும் வாரத்தில் எண்கணித நிரலகத்தின் முதன்மைப் பதிப்பும் மாறினால், ஒரு சோதனை விடை கடைசி இலக்கத்தில் பிசகும்போது குற்றவாளி யார் என்று தேட முடியாது.

அசர்ட்ஈக்வல்ஸ் என்பதில் கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் முடிந்தது.

தற்காலிகக் கோப்பகச் சேமிப்பையும் கவனியுங்கள். மெய்நிகர் சூழல் கோப்பகத்தையே கேஷ் செய்பவர்கள் அதன் திறவுகோலில் பைத்தானின் பதிப்பைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். 3.10 க்காகக் கட்டிய கோப்பகம் 3.12 இல் மீட்கப்பட்டால் வரும் பிழைகள் எதனோடும் ஒட்டாமல், பேய் பிடித்ததுபோல் இருக்கும்.

இனி உங்கள் உண்மையான கேள்வி: பொது வொர்க்ஃப்ளோவின் இயல்புநிலையை எப்படி மாற்றுவது? அதில் இயல்புநிலையே வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு. பைத்தான் பதிப்பைக் கட்டாய உள்ளீடாக ஆக்கிவிடுங்கள். அழைக்கும் களஞ்சியம் சொல்லாவிட்டால் பில்ட் தொடங்கவே கூடாது. சொல்லாமல் விட்ட ஒன்றுக்கு நீங்கள் ஊகித்துப் பதில் தரும்போது, அந்த ஊகம் எப்போது மாறும் என்பதும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது; அந்த அதிகாரத்தை நீங்கள் விரும்பவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலும், பொது வொர்க்ஃப்ளோவைக் களஞ்சியங்கள் 'மெயின்' கிளையிலிருந்து அழைக்காமல் வி1, வி2 என்ற டேக்குகள் வழியாக அழைக்கட்டும். வி1 இன்று இருப்பதுபோலவே 3.10 இல் நிற்கும்; வி2 கட்டாய உள்ளீட்டைக் கேட்கும். ஒவ்வொரு களஞ்சியமும் தனக்கு ஏற்ற வாரத்தில் வி1 ஐ வி2 ஆக மாற்றிக்கொள்ளும். தோற்றால் தனக்கு மட்டும் தோற்கும், வி1 க்கே திரும்பிவிடலாம்.

இழைநெய்பவர் | 2025 ஜனவரி 23

அனைவருக்கும் நன்றி. பனங்காட்டுவழிக்கு: 11 செயலிகள், 3 நிரலகங்கள். மூன்று நிரலகங்களிலும் மேல் எல்லை இருந்தது, இன்று எடுத்துவிட்டோம். 3.10 ஐ எழுதிவைக்கும் முதல் புல் ரிக்வெஸ்ட் நேற்று இணைந்தது. 14 உம் பச்சை. ஊற்றுக்கண் சொன்னபடி வி2 வை எழுதத் தொடங்குகிறேன். முடிந்ததும் இங்கே வந்து எழுதுவேன்.

இழைநெய்பவர் | 2025 அக்டோபர் 13

சொன்னபடி வந்திருக்கிறேன், ஒன்பது மாதங்கள் தாழ்ந்து.

13 களஞ்சியங்கள் 3.12 இல் ஓடுகின்றன. எளிதானவை பிப்ரவரிக்குள் முடிந்தன. எட்டு வாரங்களைத் தின்றது, நான் சற்றும் எதிர்பார்க்காத ஓர் இடம். எங்கள் அறிக்கைச் செயலி ஒன்றில் தேடற்கோவைகளை (ரெகெக்ஸ்) சாதாரணச் சரங்களாக எழுதியிருந்தோம். தவறான பின்சாய்வுக் குறிகளுக்கு 3.12 வெளிப்படையாகத் தொடரியல் எச்சரிக்கை தருவதால், ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான வரிகள் லாகில் கொட்டின. அவற்றைத் திருத்தப் போனபோதுதான், ஒரு கோவையில் பின்சாய்வுக் குறியோடு சேர்ந்த 'பி' எழுத்து சொல்லெல்லையைக் குறிக்காமல் பின்நகர்வுக் குறியாகவே எப்போதும் இருந்து வந்திருப்பதைக் கண்டோம். அதற்கு எச்சரிக்கை வராது, ஏனெனில் அது செல்லுபடியாகும் குறி. அருகில் இருந்த வரிகளுக்கு எச்சரிக்கை வந்ததால்தான் எங்கள் கண் அங்கே போயிற்று. மூன்று ஆண்டுகளாக ஒரு வகைப் பட்டியலில் சில வரிகள் விடுபட்டு வந்திருக்கின்றன. அவற்றைத் திரும்பக் கணக்கிட்டு, பயன்படுத்தியவர்களுக்கு எடுத்துச் சொல்லித் திருத்தவே அந்த எட்டு வாரங்கள் ஆயின.

வி1 ஐ எப்படி மூடுவது என்பதற்கு நல்ல முன்மாதிரி கிடைத்தது. கிட்ஹப், உபுண்டு 20.04 இமேஜை ஏப்ரலில் நீக்குவதற்கு முன்பு, மார்ச்சில் அறிவிக்கப்பட்ட சில நேரங்களில் அதில் ஓடும் பில்ட்கள் வேண்டுமென்றே தோற்கும்படி செய்தது. மின்னஞ்சலைப் படிக்காதவரும் சிவப்பைப் படிப்பார். நாங்களும் ஜூனில் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, வி1 ஐ ஒரு விளக்கச் செய்தியுடன் தோற்கச் செய்தோம். யாரும் நினைவில் வைத்திராத ஓர் இரவுப் பணி அப்போதுதான் வெளியே வந்தது.

ஆகஸ்டில் இன்னொரு பாடம். இரண்டு செயலிகளின் டாக்கர் கோப்பில் 'பைத்தான் 3.12-ஸ்லிம்' என்று எழுதியிருந்தோம். பதிப்பைக் கட்டிவிட்டதாகவே நம்பினோம். டெபியன் 13 வெளிவந்ததும் அந்தப் பெயரின் அடித்தளம் புக்வார்மிலிருந்து (டெபியன் 12) டிரிக்ஸிக்கு (டெபியன் 13) மாறியது. பைத்தான் அசையவில்லை, கீழே இயங்குதளம் நகர்ந்து, நாங்கள் ஏப்ட் வழியாக நிறுவிய ஒரு பொதியின் பெயர் மாறிப்போயிற்று. இப்போது டெபியனின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். மணற்கடிகை சொன்ன இரண்டு முடிச்சுகளில் ஒன்றை மட்டும்தான் ஜனவரியில் நான் அவிழ்த்திருக்கிறேன் என்பது அன்று புரிந்தது.

போன வாரம் 3.14 வெளிவந்தது. வாராந்தர ஓட்டத்தில் அடுத்த பதிப்பாக 3.13 ஐ வைத்திருக்கிறோம்; 11 இல் பச்சை. பார்க்கும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு என்று முறை வைத்திருக்கிறோம்.

மிஞ்சியிருப்பது 14 ஆவது. அது ஓர் அளவீட்டுக் கருவியோடு பேசும் செயலி. கருவியை விற்றவர்கள் கொடுத்த நிரலகம் 3.10 க்கென்று கட்டப்பட்ட வீலாக மட்டுமே இருக்கிறது. மூலநிரல் எங்களிடம் இல்லை. 2026 அக்டோபருக்குள் என்ன செய்யலாம்?

பனங்காட்டுவழி | 2025 அக்டோபர் 14

வீலின் கோப்புப் பெயரைப் பாருங்கள். அதில் 'சிபி310' என்பது இரண்டு முறை வந்தால் அது 3.10 இன் உள்ளமைப்போடு இறுகக் கட்டப்பட்டது. வேறு பதிப்பில் ஏறாது. இரண்டாவது இடத்தில் 'ஏபிஐ3' என்று இருந்தால், பைத்தானின் நிலையான இடைமுகத்தை மட்டும் பயன்படுத்திக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள், அது 3.12 இலும் அதற்கு மேலும் அப்படியே நிறுவப்படும். முதல் வகை என்றால், விற்றவர்களிடம் 3.12 க்கு ஒரு வீல் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த ஆண்டும் இதே வாசலில் நிற்பீர்கள். ஏபிஐ3 வீலாகக் கட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை அந்த நிரலகத்தை மட்டும் 3.10 இல் ஓடும் தனிச் செயல்முறையாகப் பிரித்து, மற்ற செயலி அதனோடு சாக்கெட் வழியாகப் பேசும்படி அமைத்துவிட்டால், பழைய பதிப்பில் நிற்க வேண்டிய நிரல் சில நூறு வரிகளாகச் சுருங்கிவிடும்.

இழைநெய்பவர் | 2025 அக்டோபர் 14

பார்த்தேன். இரண்டு இடங்களிலும் சிபி310 தான். ஏபிஐ3 வீல் கேட்டு இன்றே எழுதிவிட்டேன்; தனிச் செயல்முறையாகப் பிரிக்கும் வேலையை நவம்பர் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.